வாசிக்கப்படாத ஏடுகள்

'பேகன்' என்று தமிழில் எழுதியதும் மயிலுக்குப் போர்வை கொடுத்தவன்தான் முதலில் வந்து நிற்கிறான். அவனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லத்தீனில் கிராமத்தான், பட்டிக்காட்டான் என்ற அளவில் புழங்கிய சொல் இது. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்கள் தங்களைச் சேராதவர்களைக் குறிக்க இதை எடுத்துக்கொண்டார்கள். மிஷனரித் தமிழ் இதே காரியத்துக்கு 'அஞ்ஞானி' என்ற சொல்லை வைத்துக்கொண்டது. அதே தமிழ் விவிலியத்துக்கு வைத்த பெயர் வேதாகமம். எழுதாமல் காதால் கேட்டுக் காக்கப்பட்ட ஒன்றின் பெயர், அச்சேறிய ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. இந்தப் பெயர் மாற்றத்தோடு ஒரு கேள்வியும் வந்து உட்கார்ந்துகொண்டது: உங்கள் வேதம் எது? மதம் என்றால் அதற்கொரு நூல் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அது மதமாக முற்றவில்லை என்பது இந்தக் கேள்விக்குள் இருக்கும் தீர்ப்பு.

கிரேக்கத்தையும் ரோமையும் பார்த்து இதே கேள்வியைக் கேட்டவர்களுக்கு இரண்டு விதமான பதில் கிடைத்திருக்கிறது. ஹோமரும் ஹெஸியடும்தான் அவர்கள் வேதம் என்பது ஒன்று. தேவர்களின் வம்சாவளியையும் பட்டங்களையும் கிரேக்கர்களுக்கு ஏற்படுத்திக் கொடுத்தவர்கள் இந்த இருவரே என்று ஹெரடோட்டஸ் சொல்வது இதற்கு ஆதாரம். ஆனால் எந்த வேதத்தைச் செனோஃபனீஸ் ஹோமரைத் திட்டியது போலத் திட்டிவிட்டு நிம்மதியாகப் பாடிக்கொண்டு திரிய முடியும்? நாடகாசிரியன் ஒவ்வொருவனும் கதையைத் தன் இஷ்டத்துக்கு மாற்றினான், பரிசும் வாங்கினான். மற்றொரு பதில், அவர்களிடம் நூலே கிடையாது, சடங்கு மட்டும்தான் என்பது. இதுவும் சரியில்லை. ஏடுகள் இருந்தன. அவை பக்தன் வாசிப்பதற்காக இருக்கவில்லை.

ரோமின் ஸிபில் ஏடுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்பது ஏடுகளை விலைபேசிய கிழவி, அரசன் மறுக்க மறுக்க மூன்று மூன்றாக எரித்துவிட்டு, மிஞ்சிய மூன்றை முதலில் சொன்ன விலைக்கே விற்றுப்போன கதை பலருக்கும் தெரிந்ததுதான். கதையை விட அந்த ஏடுகளின் நிர்வாகம் ருசிகரமானது. கேபிடோல் குன்றில் ஜூபிடர் கோயிலுக்கு அடியில் வைத்திருந்தார்கள். காவலுக்கு முதலில் இருவர், கி.மு. 367 முதல் பத்துப் பேர், பிறகு பதினைந்து பேர். செனட் உத்தரவிட்டாலன்றி அவர்களும் திறக்கக் கூடாது. மொழி கிரேக்கம், வடிவம் ஆறுசீர் அடிகள். கொள்ளை நோய், தோல்வி, கல்மாரி என்று எதாவது நேர்ந்தால் திறந்து பார்ப்பார்கள். ஏடு நடக்கப்போவதைச் சொல்வதில்லை, செய்ய வேண்டியதைச் சொல்லும். கி.மு. 216இல் கன்னேயில் ஹானிபாலிடம் படை அழிந்தபோது, ஏட்டைப் பார்த்துவிட்டு ஒரு கால் இன ஆணையும் பெண்ணையும், ஒரு கிரேக்க ஆணையும் பெண்ணையும் மாட்டுச் சந்தையில் உயிரோடு புதைத்தார்கள். இதை எழுதும்போது ரோமானியனான லிவிக்கே கூசுகிறது. கி.மு. 205இல் அதே ஏடு சொல்லி, ஆசியா மைனரிலிருந்து தேவியைக் கறுப்புக் கல் வடிவில் கொண்டுவந்தார்கள். வந்த பிறகு, தங்களைத் தாங்களே காயடித்துக்கொள்ளும் அவளது பூசாரிகளைப் பார்த்து மிரண்டு, ரோமக் குடிமகன் எவனும் அந்தக் கூட்டத்தில் சேரக் கூடாதென்று தடுத்தார்கள்.

கி.மு. 83இல் கோயிலோடு ஏடுகளும் எரிந்தன. வேதம் எரிந்தால் மதம் என்ன ஆகும்? ஒன்றும் ஆகவில்லை. கி.மு. 76இல் மூவரை எரித்ரே முதலிய ஊர்களுக்கு அனுப்பி, ஏறக்குறைய 1000 அடிகளைத் திரட்டிவரச் சொன்னார்கள். இடைச்செருகலைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது: அடிகளின் முதலெழுத்துக்கள் சேர்ந்து ஒரு வாசகமாக வர வேண்டும். இந்த இடத்தில் சிசரோ செய்யும் விமர்சனம் எந்தக் கவிதை விமர்சகனையும் சந்தோஷப்படுத்தும். முதலெழுத்துக்களைக் கோத்து எழுதுகிறவன் நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறவன், சன்னதம் வந்தவன் அல்ல என்கிறார் அவர். இதைச் சொன்ன சிசரோ அப்போது குறி பார்க்கும் ஆகுர் குழுவில் பதவி வகித்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம்பிக்கையின்மை பதவிக்குக் குறுக்கே வரவில்லை. கேட்கப்பட்டது நம்பிக்கை அல்ல, காரியம் பிசகாமல் நடப்பது.

இப்படியான ஓர் ஒழுங்கில் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய மத ஏடு ஒரு தொல்லை. கி.மு. 213இல், ஆரூடங்கள், பிரார்த்தனைகள், பலி முறைகள் எழுதிய ஏடு எவரிடமிருந்தாலும் ஒப்படைக்கச் சொல்லிப் பிரீட்டர் உத்தரவிட்டார். கி.மு. 186இல் பாக்கஸ் வழிபாட்டுக் கூட்டங்களை அடக்கினார்கள். ஐந்து வருஷம் கழித்து, கி.மு. 181இல் நடந்ததுதான் இந்த விஷயத்தின் மையம் என்று எனக்குப் படுகிறது. ஜானிகுலம் குன்றின் கீழ், லூசியஸ் பெட்டிலியஸ் என்ற எழுத்தரின் நிலத்தைக் கொத்தும்போது இரண்டு கல்பெட்டிகள் கிடைத்தன. ஒன்று ரோமின் சடங்குகளையெல்லாம் வகுத்தவராகச் சொல்லப்படும் நூமா அரசரின் சவப்பெட்டி, உள்ளே ஒன்றுமில்லை. மற்றதில் இரண்டு கட்டு ஏடுகள்: சடங்கு விதி பற்றி லத்தீனில் ஏழு, தத்துவம் பற்றிக் கிரேக்கத்தில் ஏழு. புத்தம் புதிதாக இருந்தன என்கிறார் லிவி. ஐந்நூறு வருஷம் மண்ணுக்குள் கிடந்த ஏடு புத்தம் புதிதாக இருந்தால் அது என்னவென்று ஊகிப்பது சிரமமில்லை.

பொய்யென்பதால் எரிக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. பிரீட்டர் க்விண்டஸ் பெட்டிலியஸ் வாங்கிப் படித்தார். இவை வாசிக்கப்படவோ காக்கப்படவோ கூடாது, சத்தியம் செய்யத் தயார் என்றார். சத்தியம் போதும் என்றது செனட். மக்கள் பார்த்திருக்கப் பலியிடும் பணியாளர்களே தீ மூட்டி எரித்தார்கள். ஏட்டுக்கு விலை தர முன்வந்தபோது எழுத்தர் வாங்க மறுத்துவிட்டார். சடங்கை ஏற்படுத்தியவரே அதற்குக் காரணம் எழுதி வைத்திருக்கிறார் என்றால், காரணத்தைப் படித்தவன் சடங்கை என்ன செய்வான்? இந்தக் கேள்வியின் கூர்மை ரோமானியருக்குத் தெரிந்திருந்தது. பின்னாளில் அகஸ்டினும் இதே சம்பவத்தை எடுத்து அவர்களை அடிக்கிறார்: உங்கள் சடங்குகளின் காரணத்தை நீங்களே பொறுக்க முடியாமல் எரித்தீர்களே என்று. கெட்டிக்காரத்தனமான அடி. ஆனாலும் காரணம் தெரிந்தால்தான் சடங்கு நிற்கும் என்பது அகஸ்டினின் மதத்துக்குரிய எதிர்பார்ப்பு. அதைக் கொண்டு இவர்களை அளக்க வேண்டியதில்லை.

அந்த எதிர்பார்ப்பு கிரேக்கத்தில் முன்பே ஒருவனுக்கு இருந்திருக்கிறது. 1962இல் தெஸலோனிக்கிக்கு அருகில் டெர்வெனியில் ஒரு சமாதியின் சிதை எச்சங்களுக்குள் கருகிய பாப்பிரஸ் சுருள் கிடைத்தது. கருகியதால்தான் மிஞ்சியது. இருநூறுக்கும் மேற்பட்ட துணுக்குகளை ஒட்டி 26 பத்திகளைத் தேற்றியிருக்கிறார்கள். அதிகாரபூர்வமான பதிப்பு வர 2006 வரை ஆயிற்று. ஓர்ஃபியஸ் பெயரில் வழங்கிய ஒரு பாடலுக்கு உரை அது. பாடல் முழுக்க விடுகதை என்கிறான் பெயர் தெரியாத உரைகாரன். க்ரோனஸ் என்ற பெயரை உடைத்து 'மோதும் மனம்' என்கிறான், ஸீயஸைக் காற்றாக்கிவிடுகிறான். பிறகு ஓரிடத்தில் கோபம் வருகிறது: காசு கொடுத்துத் தீட்சை வாங்கிக்கொண்டு, பார்த்ததற்கும் கேட்டதற்கும் அர்த்தம் கேட்காமலே போய்விடுகிறவர்கள் மீது. விமர்சகனின் கோபம் இது. ஆனால் அவன் உரைக்குப் பிறகு பாடலில் மிஞ்சுவது கொஞ்சம் பௌதிகம்தான். அர்த்தம் சொல்லத் தொடங்கினால் தெய்வம் கரைந்துபோகிறது.

எதிர்ப்புறத்தில் ரோமானியச் சடங்கு. பிரார்த்தனையில் ஒரு சொல் விடக்கூடாது என்பதற்காக ஒருவன் ஏட்டைப் பார்த்து முன்னால் சொல்கிறான், ஒருவன் கண்காணிக்கிறான், ஒருவன் மற்றவர்களை வாய்மூட வைக்கிறான், வேறு ஒலி காதில் விழாதபடி ஒருவன் குழல் ஊதுகிறான். பிளினி சொல்லும் காட்சி இது. ஸாலியப் பூசாரிகளின் பாடல் அவர்களுக்கே சரியாகப் புரியாது என்று குவிண்டிலியன் எழுதுகிறார். மாற்றவும் கூடாது. இதைப் பார்த்து இளிப்பது சுலபம். பொருள் செத்த பின்னும் ஒரு சொல்லை அதன் ஒலிக்காகவே அறுநூறு, எழுநூறு வருஷம் காப்பாற்றுவது உரைகாரனின் கெட்டிக்காரத்தனத்தைவிடப் பெரிய காரியமாக எனக்குத் தோன்றுகிறது.

1778இல், புனித பேதுரு ஆலயத்தை ஒட்டித் தோண்டியபோது ஆர்வால் சகோதரர் என்ற பூசாரிக் குழுவின் கல்வெட்டு ஒன்று அகப்பட்டது. கி.பி. 218க்குரியது. அதில் வெட்டியிருக்கும் பாடலின் லத்தீன், வெட்டிய காலத்துக்கே பல நூற்றாண்டு பழையது. அதன் சொற்களுக்கு இன்றும் அறிஞர்கள் ஆளுக்கொரு பொருள் சொல்கிறார்கள். பாடப்பட்ட விதத்தில் மட்டும் சந்தேகமில்லை, கல்லிலேயே இருக்கிறது. கதவுகளைச் சாத்திக்கொண்டார்கள். உடையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் ஏடுகளை வாங்கி, காலால் தாளமிட்டபடி ஒவ்வோர் அடியையும் மும்முறை பாடினார்கள். கடைசிச் சொல்லை மட்டும் ஐந்து முறை. ஆடி முடித்துச் சைகை காட்டியதும் அடிமைகள் உள்ளே வந்து ஏடுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள்.