மாதிரி விமானத்தில் இறக்கைப் பொருத்துகோணம்: அளவீடும் திருத்தமும்

1. வரையறை

இறக்கையின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் இணைக்கும் நேர்கோடு நாண். உடலின் நெடுக வரையப்படும் ஆதாரக்கோட்டோடு இந்த நாண் கொள்ளும் கோணமே பொருத்துகோணம். எதிர்க்காற்றோடு நாண் கொள்ளும் தாக்குகோணம் வேறு. அது பறக்கும்போது நொடிக்கு நொடி மாறும். பொருத்துகோணமோ பணிமேசையிலேயே முடிவாகிவிடும்.

விமானத்தின் நடத்தையில் இறக்கையின் கோணத்தைவிட, இறக்கைக்கும் கிடைவாலுக்கும் உள்ள கோண வேறுபாடே பெரும்பங்கு வகிக்கிறது. ஆனால் கட்டுநர்கள் இறக்கையைப் பலமுறை அளந்துவிட்டு வாலைக் கண்மட்டத்தில் விட்டுவிடுகிறார்கள். பிழை பெரும்பாலும் அங்கேதான் நுழைகிறது.

2. கோண வேறுபாடு ஏன்?

1804இல் ஜார்ஜ் கேலி ஒரு கம்பின்மேல் பட்டத்தைச் சாய்வாகப் பொருத்தி, பின்னால் கோணம் மாற்றத்தக்க வாலை வைத்து மாதிரி மிதவை விமானம் ஒன்றைச் செய்தார். 1871இல் அல்ஃபோன்ஸ் பெனோ, பாரிஸின் துயிலெரி தோட்டத்தில் ரப்பர் முறுக்கில் இயங்கும் மாதிரியை 11 விநாடி பறக்கவிட்டார். அதன் வால், இறக்கையைவிடக் குறைந்த கோணத்தில் இருந்தது.

காரணம் எளியது. எடைமையம் முன்னால் இருப்பதால் மூக்கு தாழ முயலும். குறைந்த கோணத்திலுள்ள வால் கீழ்நோக்கி அழுத்தி அதைச் சமன் செய்யும். வேகம் கூடினால் அந்த அழுத்தமும் கூடி மூக்கை உயர்த்தும். குறைந்தால் மூக்கு தாழும். விமானம் தானாகவே ஒரு வேகத்தில் நிலைகொள்ளும். சாகச விமானங்களில் இந்தத் தன்னிலைப்பு வேண்டாம் என்பதாலேயே இறக்கை, வால், எஞ்சின் மூன்றையும் சுழியத்தை ஒட்டி வைக்கிறார்கள்.

3. அளவீடு

3.1 ஆதாரம்: வரைபடம் இருந்தால் அதன் ஆதாரக்கோட்டை ரசமட்டத்தில் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் எலிவேட்டரை (கிடைவாலின் அசையும் பகுதியை) நடுநிலையில் ஒட்டுநாடாவால் பிடித்து, கிடைவாலையே சுழியமாகக் கொள்ளலாம். நமக்கு வேண்டியது வேறுபாடுதான் என்பதால் இதில் இழப்பில்லை. உடல் அசையாதபடி நுரைத்தாங்கியில் அமர்ந்திருக்க வேண்டும். இறக்கையைத் தொடும்போதே உடல் சாய்ந்தால் அளவு பயனற்றது.

3.2 கருவி: இன்சிடென்ஸ் மீட்டர் என்பது, இரு விளிம்புகளையும் கவ்வும் வி வடிவத் தாடைகள் கொண்ட சட்டம், மேலே தொங்குமுள்ளோ டிஜிட்டல் கோணமானியோ இருக்கும். அது இல்லாதவருக்கு ஸ்டீல் ஸ்கேலே போதும். சமதளமான மேசையிலிருந்து முன்விளிம்பின் உயரத்தையும் பின்விளிம்பின் உயரத்தையும் அளந்து, வித்தியாசத்தை நாணின் நீளத்தால் வகுத்து 57.3ஆல் பெருக்கினால் கோணம் டிகிரியில் கிடைக்கும். 250 மி.மீ. நாணில் 1 டிகிரி என்பது ஏறக்குறைய 4.4 மி.மீ. முன்விளிம்பு உருண்டையாக இருப்பதால், அதன் முன்னணிப் புள்ளியைப் பென்சிலால் முதலில் குறித்துக்கொள்வது நலம்.

3.3 எந்தக் கோடு? அடித்தளம் தட்டையான கிளார்க் ஒய் போன்ற இறக்கையில் ஒரு பொறி உண்டு. அடிப்பரப்பில் ஸ்கேலை வைத்தால் சுழியம் காட்டும். அதே இறக்கையின் நாண் 2 டிகிரி அளவுக்கு மேல்நோக்கி இருக்கும். வரைபடம் அடிப்பரப்பைச் சொல்கிறதா, நாணைச் சொல்கிறதா என்று பார்க்காமல் மீட்டரில் சுழியம் வைப்பவர், அந்த 2 டிகிரியைப் பறிகொடுக்கிறார்.

3.4 வாலின் பிழை: 250 மி.மீ. இறக்கையில் அரை மி.மீ. தவறினால் கோணம் 0.11 டிகிரி மாறும். 110 மி.மீ. வாலில் அதே அரை மி.மீ. 0.26 டிகிரி ஆகிவிடும். கோண வேறுபாட்டைக் கணக்கிடும்போது இரண்டு பிழைகளும் ஒன்றாகச் சேரக்கூடும். எனவே வாலுக்குப் பலமுறை அளந்து சராசரி எடுப்பதே முறை. வால் தகடு வெறும் பால்சா பலகை என்றால், அதன்மேல் நீண்ட நேர்ச்சட்டத்தை ஒட்டிச் சட்டத்தின் இரு முனைகளில் அளந்தால் பிழை சுருங்கும்.

3.5 முறுக்கு: வேரிலும் நுனியிலும், இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் அளக்க வேண்டும். நுனியின் கோணம் வேரைவிடக் குறைந்திருப்பது பயிற்சி விமானங்களில் வேண்டுமென்றே செய்யப்படுவது. இரு பக்கமும் ஒத்திராவிட்டால் விமானம் ஒரு பக்கம் உருளும். இறக்கைக்கும் இருக்கைக்கும் இடையில் செருகும் ஷிம் இதற்கு மருந்தல்ல. பட உறையைச் சூடாக்கி முறுக்கை எதிர்த்துத் திருக வேண்டும்.

4. திருத்தம்

முன்னால் ஆப்பு முளையும் பின்னால் நைலான் போல்டும் உள்ள இறக்கையில், இருக்கையின் நீளம் 200 மி.மீ. என்றால் பின்முனையில் 3.5 மி.மீ. ஷிம் 1 டிகிரி குறைக்கும். ஒரே ஒரு பட்டையை மட்டும் நுழைப்பது பின்விளிம்பை நசுக்கும். ஷிம் இருக்கை முழுவதும் சரிந்துசெல்லும் ஆப்பாக இருக்க வேண்டும். பிறகு போல்ட் துளையும் சாய்ந்துவிடும், அதையும் சரிபார்க்க வேண்டும். மாற்றத்தை அரை டிகிரிக்கு மேல் ஒரே தடவையில் செய்யாதிருப்பது என் பரிந்துரை.

5. பறத்தலில் சரிபார்ப்பு

போதுமான உயரத்தில் எஞ்சினை அடக்கி, மூக்கைத் தாழ்த்தி எலிவேட்டரை விட்டுவிட வேண்டும். விமானம் வெடுக்கென்று மேலெழுந்தால் கோண வேறுபாடு மிகுதி, எடைமையமும் அதற்கேற்ப முன்னால் இருக்கிறது. இன்னும் செங்குத்தாகக் கீழே பாய்ந்தால் எடைமையம் பின்னால் போயிருக்கிறது. இரண்டும் பின்னிப்பிணைந்தவை என்பதால், எடைமையத்தை நாணின் 25 முதல் 33 விழுக்காட்டுக்குள் நிறுத்திய பின்னரே ஷிம்மைத் தொட வேண்டும். எஞ்சினைத் திறந்தால் மட்டும் மேலேறும் விமானத்துக்கு இறக்கையைத் திருத்துவது வீண் வேலை. எஞ்சினைக் கீழ்நோக்கிச் சில டிகிரி சாய்க்க வேண்டும்.