மூச்சுக்காற்றில் நைட்ரிக் ஆக்சைடு பரிசோதனை

ஆஸ்துமா நோயாளிகளின் மூச்சுக்குழாயில் ஒவ்வாமை சார்ந்த அழற்சி மிகும்போது, வெளிவிடும் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு வாயுவும் மிகுகிறது. கருவியில் சுமார் 10 நொடிகள் சீராக ஊதினால் இதனை அளவிடலாம். பெரியவர்களுக்கு நூறு கோடியில் 25 பங்கிற்குக் கீழ் குறைவு, 50 பங்கிற்கு மேல் அதிகம் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

இவ்வளவு அழற்சியை மட்டுமே உணர்த்தும். மூச்சுக்குழாய் எந்த அளவு சுருங்கியுள்ளது என்பதை அறிய ஸ்பைரோமெட்ரி பரிசோதனை தேவை. புகைப்பிடிப்பவர்களுக்கு அளவு குறைவாகத் தோன்றலாம். எனவே புகைப்பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

ஸ்டீராய்டு இன்ஹேலரை முறையாகப் பயன்படுத்தினால் அளவு குறையும். அது மருந்து பயனளிப்பதன் அடையாளம். நோய் நீங்கியதன் அடையாளமன்று. மருத்துவர் கூறாமல் இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். முழு வாக்கியம் பேச இயலாதவாறு மூச்சுத்திணறினாலோ, உதடுகள் நீலநிறமானாலோ, பரிசோதனைக்குக் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.