கூரை திறந்த காரில் காற்று பின்னாலிருந்து அடிப்பது ஏன்? விண்ட் டிஃப்ளெக்டர் பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

கூரையைத் திறந்துட்டு வேகமா போனா காத்து முன்னாடி இருந்துதானே அடிக்கணும்? ஆனால், மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற இரண்டு சீட் கன்வெர்டிபிள் கார்களில் பிடரியில்தான் காற்று அடிக்கும்.

ஏன் இப்படி?

முன்பக்கக் கண்ணாடியில் மோதும் காற்று தலைக்கு மேலே பாய்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. அந்த இடத்தை நிரப்ப, சீட்டுக்குப் பின்னாலிருந்து காற்று சுழன்று உள்ளே வருகிறது. இதைத் தடுப்பதுதான் விண்ட் டிஃப்ளெக்டர். 1989-ல் அறிமுகமான மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்எல் காரிலேயே இதற்கான வலைத் தடுப்பு வந்துவிட்டது.

நாமே மாற்றலாமா?

தடுப்பு குட்டையாக இருந்தால், கொஞ்சம் உயரமான தகட்டை வெட்டிப் பொருத்தலாம். முதலில் அட்டையில் வெட்டி அளவு பாருங்க. அக்ரிலிக் உடைந்தால் கூரிய துண்டுகளாகச் சிதறும். பாலிகார்பனேட் லேசில் உடையாது. ஓரங்களைத் தேய்த்து ரப்பர் பட்டை போடணும்.

எதைச் செய்யக்கூடாது?

ரோல் பாரில் துளை போடவே கூடாது. கார் கவிழ்ந்தால் தலையைக் காப்பது அதுதான். கிளாம்ப் போட்டு இறுக்கினால் போதும். கூரை மடங்கும் இடம், சீட் பெல்ட், பின்பக்கப் பார்வை... மூன்றுக்கும் தடுப்பு இடைஞ்சலாக இருக்கக்கூடாது.