புள்ளி வைத்த பத்திரிகை

அக்கா மகளுக்கு வைகாசியில் கல்யாணம் என்று முடிவானதும், வீட்டில் முதலில் கிளம்பிய பேச்சு மண்டபத்தைப் பற்றியதும் அல்ல, சமையல்காரரைப் பற்றியதும் அல்ல. பத்திரிகையைப் பற்றியது. கோவில்பட்டிக்காரர்களுக்கு இதில் கவலைப்பட ஒன்றுமே இல்லை. காலையில் பஸ் ஏறிச் சாத்தூர் வழியாகப் போனால் சிவகாசி. கடைக்குக் கடை மாதிரி ஆல்பம் வைத்திருப்பார்கள். அதில் பிள்ளையாரே நூறு தினுசாக இருப்பார். பிடித்ததைத் தொட்டுக் காட்டி விவரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், நான்கு நாளில் கட்டுக்கட்டாக வீடு வந்து சேரும். அக்காவின் கணக்கும் அதுதான். மகள் கேட்கவில்லை.

"முந்நூறு பத்திரிகைதானம்மா? நாமளே செஞ்சிருவோம். மாமா கூட இருக்காக."

தாய்மாமன் என்ற முறையில் இப்படித்தான் நான் உள்ளே வந்தேன். அந்த முந்நூறில் ஒரு பத்திரிகையின் கதையை மட்டும் இங்கே எழுதுகிறேன். எது என்பது போகப்போகத் தெரியும்.

அதன் உடம்பு பருத்தி. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகித ஆலை ஒன்று 1959-லிருந்து நடக்கிறது. அங்கே மரக்கூழ் கிடையாது. பனியன் வெட்டும்போது மிஞ்சும் பருத்தித் துணித் துண்டுகள்தான் மூலப்பொருள். துணியைத் தரம் பிரித்து, பொடிப்பொடியாக நறுக்கி, தண்ணீரோடு சேர்த்து இழை இழையாகப் பிரியும்வரை அடிப்பார்கள். தயிர்போலக் கலங்கி நிற்கும் அந்தக் கூழில் கம்பிவலை கட்டிய சட்டத்தை முக்கித் தூக்கினால், தண்ணீர் வடிந்து வலையின்மேல் ஒரு படலம் நிற்கும். அதைத் துணிமேல் கவிழ்த்து, அடுக்கி, அழுத்தி, கொடியில் காயப்போட்டால் தாள். ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்காது, ஆற்றங்கரை மாதிரி நெளிந்திருக்கும். இருபத்திரண்டுக்கு முப்பது அங்குலத்தில் ஒரு முழுத்தாள். ஏழரைக்குப் பதினொன்றாகக் கிழித்தால் எட்டுத் துண்டு, நடுவில் மடித்தால் எட்டுப் பத்திரிகை. நாற்பது தாள் வாங்கினோம்.

இந்தத் தாளை அவள் தேர்ந்தெடுத்ததில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். நாங்கள் பருத்தி விளையும் மண்ணில் பிறந்தவர்கள். ஐப்பசி மழையை நம்பி விதைத்து, மாசி பங்குனியில் பருத்தி எடுத்து, சித்திரையில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு அடுத்த மழைக்குக் காத்திருக்கும் ஊர்கள் இவை. கோவில்பட்டியில் 1901-லேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்ததும் இந்த மானாவாரிக் கரிசலுக்காகத்தான். கருங்கண்ணிப் பருத்தி என்றால் இன்றும் பெரியவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். இடைசெவலிலிருந்து போன எழுத்தாளர் கி.ரா. 2021-ல் கண்மூடும்வரை வாழ்ந்ததும் அதே புதுச்சேரியில்தான். ஆக, கரிசலுக்கும் அந்த ஊருக்கும் பழைய பழக்கம் உண்டு.

கவருக்கு வேறு தாள். சிவகாசியில் ஒரு ரீம் மேப்லித்தோ வாங்கினேன், டி.என்.பி.எல். தாள். 1979-ல் அரசு தொடங்கிய ஆலை அது, கரூர்ப் பக்கம் புகளூரில் இருக்கிறது. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் ஆலை. உள்ளே பருத்தி, வெளியே கரும்பு. கல்யாணப் பத்திரிகைக்கு இதைவிட நல்ல பொருத்தம் எந்த ஜோசியரும் சொல்லிவிட முடியாது.

கவர் ஒட்டும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டார்கள். யாரும் கொடுக்கவில்லை, அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள். இந்த வட்டாரத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களின் விரல்களுக்குத் தாளும் பசையும் புதிதில்லை. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அந்தத் தொழில் சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியது. பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படித்தான் சிவகாசியில் அச்சும் வேர்பிடித்தது. காலண்டரும் டைரியும் கல்யாணப் பத்திரிகையும் அதன் பின்னால் வந்தவை. கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் தீப்பெட்டி என்பது ஆபீசோடு முடிகிற வேலையாக இருக்கவில்லை, திண்ணை திண்ணையாக நுழைந்தது. அடிப்பெட்டி, மேல்பெட்டி என்று வீட்டுக்கு வீடு ஒட்டிக் கொடுத்தார்கள். நூற்று நாற்பத்துநான்கு பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். குரோசுக்குத்தான் கூலி.

அம்மாவுக்கு அந்தக் கைவேகம் சும்மா வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது, பெட்டி ஒட்டுவது நிற்கவில்லை. அவர்கள் விரல் தாளை மடிக்கும் அழகைப் பார்க்கும்போதெல்லாம், அந்த விரல்கள் பிடித்திருக்க வேண்டிய பென்சிலும் எனக்கு ஞாபகம் வரும். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் புகழக்கூடாது.

தீப்பெட்டிப் பசைக்கு மைதாவோடு மயில்துத்தம் போடுவார்கள், பூச்சி அரிக்காமல் இருக்க. "துத்தம் விஷம்ப்பா. பச்சப்பிள்ளைக வாயில வைக்கும்" என்று அம்மா அதை விட்டுவிட்டார்கள். பதிலாக ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். அன்றன்றைக்குக் காய்ச்சி, விரலால் தொட்டு இழுத்துப் பார்த்து, கம்பிபோல் ஒரு நூல் வந்தால்தான் பதம். மஞ்சள் போட்டதால் ஒவ்வொரு கவரின் முதுகிலும், ஒட்டு விழுந்த இடத்தில், மயிரிழை அகலத்துக்கு ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. அக்காவுக்கு அது பிசிறாகப் பட்டது. மகள், "அதுதான்மா அழகு" என்றாள். ஒரு மத்தியானத்தில் அம்மா நூற்றிருபது கவர் ஒட்டினார்கள். நான் பதினேழு.

இனி வாசகம். அம்மா அப்பாவின் பத்திரிகை ஒன்று டிரங்குப் பெட்டியில் இருந்தது. 1974-ல் அடித்தது, அச்சுக் கோத்து டிரெடில் மெஷினில் ஓட்டியது. இளஞ்சிவப்புத் தாள், ஓரம் பொடிந்துவிட்டது. எழுத்து அழுந்திய தடம் மட்டும் பின்பக்கத்தில் இன்னும் கைக்குத் தட்டுப்படுகிறது. உச்சியில் பிள்ளையார் சுழி, அதன்கீழ் சாஸ்தா துணை. மகள் அந்தத் 'துணை'யைப் பார்த்துவிட்டு, "இது என்ன மாமா, அச்சுப்பிழையா?" என்றாள். இல்லை. அது பழைய ணை, முன்னால் யானைத் தும்பிக்கைபோல் சுழித்துக்கொண்டு நிற்பது. 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது அந்தத் தும்பிக்கை போய்விட்டது. அவள் பிறப்பதற்கு எவ்வளவோ முன்பே போன எழுத்து. கணினியில் தேடாமல், அந்த ஒரு சொல்லை மட்டும் பழைய பத்திரிகையின்மேல் ட்ரேசிங் தாள் வைத்துக் கையாலேயே எடுத்தாள். மற்றதெல்லாம் கணினியில் அடித்தது. 'நிகழும் மங்களகரமான' என்று தொடங்கி, நட்சத்திரம், யோகம், முகூர்த்த நேரம், வரவை விரும்புவோர் வரைக்கும் எதையும் குறைக்கவில்லை. பெயர் வரிசையைத்தான் நான்கு பேர் நான்கு முறை சரிபார்த்தோம். எங்கள் பக்கம் பத்திரிகையில் பெயர் விட்டுப்போய், பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்த குடும்பங்கள் உண்டு.

சொரசொரப்பான கைக்காகிதத்துக்கு ஸ்கிரீன் பிரிண்டிங்தான் தோது. மரச்சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை விறைப்பாகக் கட்டி, இருட்டறையில் எமல்ஷன் பூசிக் காயவைக்க வேண்டும். எழுத்து அடித்த ட்ரேசிங் தாளை அதன்மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெளிச்சம் காட்ட வேண்டும். வெளிச்சம் பட்ட இடம் இறுகும். எழுத்தின் நிழலில் இருந்த இடம் இறுகாது, தண்ணீர் பீய்ச்சினால் கழன்று போகும். அந்த வழியாகத்தான் மை இறங்கும். எவ்வளவு நேரம் வெயிலில் வைப்பது என்று தெரிந்த ஒருவரைக் கேட்டோம். ஒரு நிமிஷம் என்றார். எந்த மாதத்து வெயிலுக்கு என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மொட்டைமாடியில், அக்கினி நட்சத்திரத்தில், உச்சிப்பொழுதில் கோவில்பட்டி வெயிலுக்கு ஒரு நிமிஷம் ரொம்ப அதிகம்.

கழுவிப் பார்த்தோம். எழுத்தெல்லாம் பளிச்சென்று திறந்திருந்தது. குங்குமச் சிவப்பு மையை ஊற்றி, ரப்பர் வைத்த கட்டையால் அவள் இழுக்க, நான் தாளை எடுத்து எடுத்துக் கொடியில் கிளிப் போட்டேன். முப்பத்தாறு போட்டிருப்போம். அப்போதுதான் கத்தினாள்: "மாமா, புள்ளியக் காணோம்!"

மெய்யெழுத்துகளின் தலையில் ஒரு புள்ளிகூட இல்லை. அதிக வெயிலில் ஓரத்து எமல்ஷனும் உள்வாங்கி இறுகி, நுணுக்கமான இடத்தை மூடிவிட்டது. நுணுக்கத்திலும் நுணுக்கம் புள்ளிதானே. 'அன்புடன்' அனபுடன ஆகியிருந்தது. 'திருமணம்' திருமணம என்று வாய் திறந்தபடி நின்றது. அடுத்த சட்டத்துக்கு அரை நிமிஷம்தான் வெயில் காட்டினோம், புள்ளி பூத்தது. ஆனால் அந்த முப்பத்தாறு? விலை கொடுத்து வாங்கிய தாள். வேறு போட அவ்வளவு மிச்சத் தாளும் இல்லை. அவள் முகம் வாடிப் போய்விட்டது.

அம்மா கீழிருந்து ஏறிவந்து, கொடியில் தொங்குவதை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். "இதுக்கா அழுத? மையக் கொண்டா."

எங்கிருந்தோ மருந்து முக்காத வெள்ளைக்குச்சி ஒரு கைப்பிடி எடுத்து வந்தார்கள். குச்சி முனையை மையில் தொட்டு, எழுத்தின் தலையில் செங்குத்தாக ஒரு ஒற்று. எடுத்தால் கடுகுபோல் உருண்டையாக ஒரு புள்ளி. வழியவில்லை, படரவில்லை. குச்சி ஊறினால் வேறு குச்சி. ஒரு பத்திரிகைக்கு அறுபது புள்ளிக்குமேல் வந்தது. எந்த எழுத்துக்கு உண்டு, எதற்கு இல்லை என்று தெரிய வேண்டுமே, அதற்காக உதடு அசைய வாய்விட்டு வாசித்துக்கொண்டே வைத்தார்கள். ஐந்தாம் வகுப்பில் விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல் இருந்தது எனக்கு. மூன்று சாயங்காலங்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். ஸ்கிரீனில் விழுந்த புள்ளி தாளோடு தாளாகக் கிடக்கும். அம்மா வைத்தவை சற்று மேடாக, தடவினால் விரலுக்குப் படும்படி நின்றன.

பத்திரிகை கிளம்பியது. எங்கள் பக்கம் பத்திரிகை 'கொடுப்பது' இல்லை, 'வைப்பது'. தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்து, நின்று, "குடும்பத்தோட முன்கூட்டியே வந்துரணும்" என்று வாயால் சொன்னால்தான் அது அழைப்பு. முதலாவது சாஸ்தா கோயிலுக்கு, அடுத்தது செண்பகவல்லி அம்மன் சந்நிதிக்கு. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியபோது பருத்தித் தாள் அதைத் துணிபோல உள்ளே வாங்கிக்கொண்டது, தூளாக உதிரவில்லை. புள்ளி வைத்த முப்பத்தாறும் யார் யாருக்கு என்பதை அம்மாவே சொன்னார்கள். ஒன்று தபாலில் மும்பை தாராவிக்குப் போனது. ஒன்று, நான் சொல்ல வந்த அந்த ஒன்று, கழுகுமலைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் அம்மாவின் மூத்த அண்ணனுக்கு.

பெரிய மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருக்கிறது. அறுபது வருஷம் பருத்தி போட்ட கை. பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிரித்தார். வாசிக்கவில்லை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தாளின் ஓரத்தைப் பிடித்து மெல்லத் தேய்த்தார். சந்தையில் பஞ்சை இழுத்துப் பார்ப்பவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள்.

"ஏ, இது தாள் இல்ல. பஞ்சுல்லா இது!"

"ஆமா தாத்தா, பருத்தியில செஞ்சதுதான்" என்றாள், கூட வந்திருந்த அக்கா மகள்.

விரல் ஓரத்திலிருந்து உள்ளே நகர்ந்தது. ஒரு இடத்தில் நின்றது, இன்னொரு இடத்தில் நின்றது. "இது என்ன, பொட்டுப் பொட்டாத் தட்டுது?"

"உங்க தங்கச்சி வச்ச புள்ளி மாமா" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. வரி வரியாகத் தடவிக்கொண்டே போனார். பிறகு கவரில் போட்டு, சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரின் பின்னால் செருகிவைத்தார். அந்தக் காலண்டரும் சிவகாசிதான்.

கல்யாணத்தன்று முதல் பஸ்ஸிலேயே பேரனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மண்டப வாசலில் நான் மொய் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். கடையில் விற்கும் மொய்க் கவர்கள், பளபளப்பாக, ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியவை, மேசையில் குவிந்துகொண்டிருந்தன. பெரிய மாமா மடியிலிருந்து எடுத்து நீட்டியது வெறும் வெள்ளைக் கவர். திருப்பிப் பார்த்தேன். முதுகில் மயிரிழை அகலத்தில் மஞ்சள் கோடு. உள்ளே பணம் மட்டும். பத்திரிகை இல்லை.

"பத்திரிகை எங்க மாமா?"

"அது வீட்டுல இருக்கட்டும்" என்றார். நான் பெயரையும் ஊரையும் எழுதி, நேரே ஐந்நூற்று ஒன்று என்று போட்டேன். கவரை மற்றவற்றோடு சேர்க்காமல் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.