நொய்யல் கரையின் கல்வீடுகள்

இறந்தவர்க்கு இல்லம் எடுத்தல் மனித இனத்தின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. வாழ்ந்தவர்கள் தமக்கென மண்ணாலும் மரத்தாலும் ஓலையாலும் வீடமைத்தனர், அவை மறைந்தன. மாண்டவர்க்கெனக் கல்லால் வீடமைத்தனர், அவை நிலைத்தன. இவ்வகையில் உலகம் வியந்து நோக்குவது எகிப்து நாட்டுப் பிரமிடுகளை. அவற்றைப் படங்களில் கண்டு வியக்கும் நாம், அதே எண்ணத்தால் எழுந்த கல்வீடுகள் நம் கொங்கு மண்ணிலும் உண்டு என்பதைப் பெரிதும் அறியோம்.

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றி, கோவையையும் திருப்பூரையும் கடந்து, காவிரியில் கலக்கும் நொய்யலின் வடகரையில், ஈரோடு மாவட்டத்துப் பெருந்துறை வட்டத்தில் கொடுமணல் என்னும் சிற்றூர் உள்ளது. பதிற்றுப்பத்தில் மணிகளுக்குப் பேர்பெற்ற ஊராகப் போற்றப்படும் கொடுமணம் இதுவே. சேரரின் கருவூரையும் மேலைக் கடற்கரையையும் பாலக்காட்டுக் கணவாய் வழியே இணைத்த பெருவழியில் இவ்வூர் இருந்தது. 1985ஆம் ஆண்டு முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும், பின்னர்ப் பிறரும் இங்கு நிகழ்த்திய அகழாய்வுகள் இரும்பு உருக்கிய உலைகளையும், மணி செய்த தொழிற்கூடங்களையும், நூற்றுக்கும் மேற்பட்ட ஈமச்சின்னங்கள் பரந்து கிடந்த பெரிய இடுகாட்டையும் வெளிக்கொணர்ந்தன. இவ்வூரின் வாழ்வு கி.மு. 5ஆம் நூற்றாண்டு அளவில் தொடங்கியது என்பர்.

கல்லறை எழுந்த விதம்

மேலோட்டமாகக் காண்பவர்க்கு இச்சின்னங்கள் வட்டமாகக் கிடக்கும் உருண்டைப் பாறைகளும் நடுவே ஒரு கற்குவியலுமே. உள்ளே இருப்பதோ ஓர் அறை. நிலத்தைத் தோண்டி, அடியில் ஒரு கற்பலகையைப் பரப்பி, நான்கு புறமும் பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தினர். சுண்ணமோ சாந்தோ இல்லை. ஒன்றன் விளிம்பை மற்றொன்று தாங்குமாறு நிறுத்தியதால், வெளியே உள்ள மண்ணின் அழுத்தமே அவற்றைச் சாயாமல் காத்தது. மேலே ஒரு பெரும் மூடுகல். இவ்வாறு அமைந்ததைக் கற்பதுக்கை என்பர். சில பதுக்கைகள் முன்னறையும் உட்பிரிவுகளும் கொண்டு, உண்மையிலேயே வீடுகளைப் போலவே விளங்குகின்றன.

இரண்டு மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் குறைந்த கனமும் உடைய ஒரே ஒரு கருங்கற்பலகையை எண்ணிப் பாருங்கள். அதன் எடை ஒரு டன்னுக்கும் மிகும். அத்தகைய பல பலகைகளைப் பெயர்த்து, சுமந்து, நிறுத்தி, மூடுகல்லை ஏற்றுதல் ஒரு குடும்பத்தால் ஆகும் செயலன்று. ஊரே கூடித்தான் ஒருவரை அடக்கம் செய்திருக்கிறது.

பதுக்கையின் ஒரு பலகையில், பெரும்பாலும் கிழக்கு நோக்கி, வட்டமான துளை ஒன்று இடப்பட்டிருக்கும். இதனை இடுதுளை என்பர். உயிர் வந்து போக வைத்த வழி என்றும், பின்னாளில் எலும்புகளையும் படையலையும் உள்ளிட வைத்த வாயில் என்றும் அறிஞர் கருதுவர். தென்னாட்டுப் பெருங்கற்கால ஈமங்கள் பலவற்றில், உடலை முதலில் வேறிடத்தில் இட்டு, பின்னர் எலும்புகளை மட்டும் திரட்டிக் கொணர்ந்து வைத்தனர். தம் எலும்புகளை உடன்கொண்டு செல்ல வேண்டுமென யோசேப்பு ஆணையிட்டதையும், மோசே அவற்றைச் சுமந்து சென்றதையும் விவிலியத்தில் படித்திருக்கும் நமக்கு இந்த அன்பு அயலானதன்று.

இறந்தவருடன் கருப்பு சிவப்பு மட்கலங்களையும் இரும்புக் கருவிகளையும் மணிகளையும் வைத்தனர். கொடுமணலில் ஒரே கல்லறையிலிருந்து 2,220 சூதுபவள மணிகள் கிடைத்தன.

நைல் கரையில்

எகிப்தியர் இதே எண்ணத்தைப் பேரரசின் வலிமை கொண்டு செய்தனர். கி.மு. 2650 அளவில் ஜோசர் மன்னனுக்காக இம்ஹோதெப் என்பார் சக்காராவில் ஆறு படிகளாக எழுப்பியதே முதற் பிரமிடு. அதன் அருகே மூடிய சிற்றறை ஒன்றில் அரசனின் சிலையை வைத்து, அது வெளியே காணும்படி கண்களுக்கு நேரே இரண்டு துளைகள் இட்டனர். நம் இடுதுளையை நினைவூட்டும் செய்தி இது! அடுத்த நூறாண்டுக்குள் கீசாவில் கூபு மன்னனின் பெரும் பிரமிடு எழுந்தது. அதன் உயரம் ஏறத்தாழ 146 மீட்டர். அடிப்பக்கம் ஒவ்வொன்றும் 230 மீட்டர். கற்கள் ஏறத்தாழ 23 இலட்சம்.

இதனை எழுப்பியவர் யார்? ஓர் இலட்சம் பேர் உழைத்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினார். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரயேல் மக்களே கட்டினர் என்று நம்மில் பலரும் எண்ணுவதுண்டு. விவிலியம் அவ்வாறு கூறவில்லை. பித்தோம், இராம்சேசு என்னும் களஞ்சிய நகர்களை அவர்கள் கட்டினர் என்றும், சாந்து, செங்கல் வேலையால் வருந்தினர் என்றுமே விடுதலைப் பயண நூல் உரைக்கிறது. அறிஞர் பலர் அந்நிகழ்ச்சிகளுக்குக் குறிக்கும் கி.மு. 13ஆம் நூற்றாண்டில், கூபுவின் பிரமிடு 1,300 ஆண்டுப் பழமையுடையதாக இருந்தது.

1990ஆம் ஆண்டில் கீசாவில் பிரமிடுத் தொழிலாளரின் கல்லறைகள் கண்டறியப்பட்டன. அவ்வெலும்புகளில் முறிந்து, பின் பொருந்திக் குணமடைந்தவை உண்டு. அடிபட்டவர்க்கு மருத்துவம் நடந்தது என்பதற்கு அவை சான்று. 2013ஆம் ஆண்டில் செங்கடற்கரையில் கிடைத்த பாப்பிரசுச் சுருள்களில், மெரெர் என்னும் மேற்பார்வையாளர் தம் குழுவினருடன் துரா மலையின் சுண்ணாம்புக் கற்களைப் படகில் ஏற்றிக் கீசாவுக்குக் கொண்டுவந்த நாட்கணக்கு உள்ளது. பிரமிடுக்கு அரசன் பெயர் வாய்த்தது. சுமந்தவர்களின் வாழ்வு நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரே வெளிச்சம் பெற்றது.

பெயர் பொறித்த ஓடுகள்

நம் மக்களும் கல்வீடுகளைப் பாண்டவர் குழி என்று அழைத்து, அவற்றின் பெருமையை இதிகாச வீரர்க்கு அளித்துவிட்டனர். தம் முன்னோராகிய எளிய மாந்தரால் இது இயலும் என்று அவர்கள் எண்ணவில்லை போலும். ஆனால் கொடுமணல் மண்ணிலிருந்து, தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அவற்றில் கண்ணன் ஆதன், சம்பன் சுமணன் முதலான பெயர்கள் உள்ளன. பிரமிடுகளின் நாட்டில் எழுதத் தெரிந்தோர் சிறுபான்மையினராகிய எழுத்தர்களே. இங்கோ, அன்றாடம் சமைக்கும் பானையிலும் உண்ணும் கலத்திலும் பெயரைக் கீறி வைத்திருக்கின்றனர்.

இவ்விரு நாடுகளும் ஒன்றையொன்று அறியாதவையும் அல்ல. எகிப்தின் செங்கடல் துறைமுகமாகிய குசைர் அல்-காதிமில், கி.பி. முதல் நூற்றாண்டையொட்டிய தமிழ் பிராமி ஓடுகளில் கண்ணன், சாதன் என்னும் பெயர்கள் படிக்கப்பட்டுள்ளன. பிரமிடுகள் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமை எய்தியிருந்த அந்நாளில், தமிழர் அந்நாட்டுக் கரையில் இறங்கித் தம் பெயரை விட்டு வந்தனர்.

கீசாவின் கற்களைக் காக்க ஓர் அரசும் உலகமும் உள்ளன. நம் கல்வட்டங்களின் நிலை வேறு. கொங்கு நாட்டில் எத்தனையோ கல்வட்டங்கள் உழவுக்கு இடையூறு எனப் பெயர்க்கப்பட்டன. கற்கள் வேலிக்கும் கட்டடத்துக்கும் சென்றன. புதையல் தேடியோர் சிதைத்தவை பிற. ஒரு மூடுகல் அகற்றப்பட்டால் உள்ளிருக்கும் எலும்பும் மணியும் எழுத்தும் எந்த வரிசையில் கிடந்தன என்பது அன்றோடு அழியும், அவ்வரிசையே வரலாறு.

ஆகவே நம் நிலத்திலோ ஊர்ப் புறம்போக்கிலோ அத்தகைய கற்கள் தென்பட்டால், அவற்றை அசைக்காமல் தொல்லியல் துறையினர்க்கோ வட்டாட்சியர்க்கோ தெரிவித்தல் நம் கடமை. கல்லறைத் திருநாளில் நம் முன்னோரின் கல்லறைகளைத் துப்புரவு செய்து விளக்கேற்றும் நாம், பெயர் மறந்த இம்முன்னோரின் இல்லங்களையும் இடியாமல் காக்கக் கடமைப்பட்டவர்கள். அவர்களை ஊர் கூடி அடக்கம் செய்தது. ஊர் கூடியே காக்கவும் வேண்டும்.