பாட்டும் வேடமும்: புத்தளக் கரையோரத்தின் மஞ்சா இசை

ஆப்பிரிக்கப் பொப் இசைக் காணொளிகளைப் பற்றி இன்று நிலவும் கருத்துகளில் இரண்டு குறைகள் திரும்பத் திரும்ப எழுகின்றன: காட்சியின் பகட்டு பாட்டை விழுங்கிவிடுகிறது என்பது ஒன்று, திரையில் பெயர் பெற்ற நடிகர்கள் குரலைவிட முகத்தை நம்பியே பாடகர்களாகிவிடுகிறார்கள் என்பது மற்றொன்று. பாடுவோர், நடிப்போர், ஆடுவோர், பார்த்திருப்போர் ஆகிய நால்வரும் இயல்பிலேயே வெவ்வேறானவர்கள் என்ற எண்ணத்தின் மீதே இவ்விரண்டு குறைகளும் நிற்கின்றன. இலங்கையின் வடமேல் கரையில், புத்தளம் நகரை அடுத்த சிரம்பியடியில், ஆப்பிரிக்க வழிவந்த ஒரு சிறு சமூகம் தலைமுறைகளாகக் காத்துவந்திருக்கும் மஞ்சா என்னும் பாட்டுமரபின் வரலாறு, அப்பிரிவினை எவ்வளவு அண்மைக்காலத்தது என்பதையும், அது ஒரு பாட்டை வந்தடையும்போது பாடுவோர் பெறுவது எது, இழப்பது எது என்பதையும் தெளிவாகக் காட்டுகிறது.

ஆப்பிரிக்கர் இக்கரைக்குப் புதியவர்கள் அல்லர். 1344இல் புத்தளத்தில் இறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, அதே பயணத்தில் கொழும்பில் கடலதிகாரம் செலுத்திய ஒருவரிடம் ஏறத்தாழ 500 அபிசீனியர் இருந்ததாக எழுதியிருக்கிறார். அபிசீனியர் என்பது இன்றைய எத்தியோப்பியாவையும் அதன் அண்டைப் பகுதிகளையும் சேர்ந்தவர்களைக் குறித்த பெயராகும். எனினும் ஒரு பாட்டுமரபை விட்டுச்செல்லும் அளவுக்கு ஆப்பிரிக்கர் இங்கு நிலைத்தது போர்த்துக்கேயர் 1505இல் வந்ததற்குப் பின்னரே ஆகும். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையையும் கோவாவையும் கொழும்பையும் ஒரே கடல்வலைக்குள் வைத்திருந்த போர்த்துக்கேயர், ஆப்பிரிக்கர்களைப் படைவீரராகவும் அடிமைகளாகவும் கொண்டுவந்தனர். 1658க்குள் தீவின் கரையோரங்களைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் அவ்வழக்கைத் தொடர்ந்தனர் என்பதற்கு, ஆங்கிலத்தில் அடிமைத்தீவு என்று பெயர் பெற்ற கொழும்பின் கொம்பனித்தெருப் பகுதி இன்றும் சான்றாக நிற்கிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வழக்கு படையமைப்பின் ஓர் அங்கமாகியது. 1798 முதல் 1805 வரை ஆளுநராக இருந்த பிரெடரிக் நோர்த்தும் அவருக்குப் பின்வந்த தோமஸ் மெயிட்லண்டும் கோவாவிலிருந்தும் மொசாம்பிக் கரையிலிருந்தும் ஆப்பிரிக்கர்களைத் திரட்டித் தனிப் படைப்பிரிவொன்றில் சேர்த்தனர். காப்பிரியர் என இந்நாட்டு வழக்கில் அழைக்கப்பட்ட இவ்வீரர்கள் கண்டிக்கு எதிரான போர்களில் பயன்படுத்தப்பட்டு, பின்னர் இலங்கைத் துப்பாக்கிப் படைப்பிரிவின் அங்கமாகப் பல காவல் நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். அந்நிலையங்களுள் புத்தளமும் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் படை குறைக்கப்பட்டு, இறுதியில் கலைக்கப்பட்டபோது, மனைவி மக்களுடன் இங்கு வாழ்ந்திருந்தவர்களுக்குத் திரும்பிச் செல்ல ஓர் ஊர் இருக்கவில்லை. அரசின் தனியுரிமையாயிருந்த உப்பளங்களிலும், வீதி அமைக்கும் வேலைகளிலும், அரசாங்க நிறுவனங்களின் சிறு பணிகளிலும் சேர்ந்த அவர்களுடைய வழித்தோன்றல்களே சிரம்பியடியில் வேரூன்றினர். ஆகவே மஞ்சா என்பது கப்பலில் வந்த பாட்டு மட்டுமன்று. படைக்குடியிருப்பிலும் உப்பளத்திலும் உழைத்தவர்கள் வேலை நேரத்துக்கு வெளியே தங்களுக்கென வைத்துக்கொண்ட பாட்டுமாகும்.

இம்மரபின் அமைப்பு எளிமையானது. அதன் இயக்கம் அவ்வளவு எளிமையானதன்று. பாட்டின் சொற்கள் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் அமைந்தவை. கிரியோல் என்பது வேறு வேறு மொழி பேசுவோர் ஓரிடத்தில் கலந்து வாழும்போது உருவாகி, அடுத்த தலைமுறைக்குத் தாய்மொழியாகிவிடும் கலப்புமொழியைக் குறிக்கும். ஒருகாலத்தில் இலங்கைத் துறைமுகங்களில் பல இனத்தாருக்கும் பொதுமொழியாக வழங்கிய இக்கிரியோல், மட்டக்களப்புப் பறங்கியர் சிலரின் இல்லங்களில் இன்றும் பேச்சுமொழியாக எஞ்சியிருக்கிறது. மஞ்சாப் பாடல்கள் சில அடிகளே கொண்டவை. ஒருவர் எடுத்துக்கொடுக்க, கூடியிருப்போர் அனைவரும் அதையே பலமுறை திருப்பிப் பாட, மெதுவாகத் தொடங்கும் தாளம் படிப்படியாக விரைந்து, உட்கார்ந்திருப்பவரை எழுந்து ஆடச் செய்யும் வேகத்தை எட்டும். றபானும் டோலக்கும் கையில் கிடைக்காவிட்டாலும் தேங்காய்ச் சிரட்டைகள், கரண்டிகள், வெற்றுப் போத்தல், மரக்கட்டை ஆகியவை தாளத்துக்குப் போதும். திருமணம், ஞானஸ்நானம், பிறந்தநாள் போன்ற குடும்ப நிகழ்வுகளே இதன் களம். பாடுபவரே கொட்டுபவர், கொட்டுபவரே ஆடுபவர், ஆடி ஓய்ந்தவரே அடுத்த பாட்டின் முதலடியை எடுப்பவர் என்ற நிலையில், பார்த்திருப்போர் என்றொரு தனிக்கூட்டத்துக்கு அங்கே இடமேயில்லை.

புத்தளம் மாவட்டக் கரையின் பிற மரபுகளோடு வைத்துப் பார்த்தால் இவ்வியல்பு மேலும் விளங்கும். சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையிலுள்ள உடப்பில் கரைவலை இழுக்கும் தமிழ் மீனவர் பாடும் அம்பாப் பாடலிலும் ஒருவர் முன்னெடுக்கப் பலர் தொடர்வதே முறை. வலையின் பாரமே அங்கே தாளத்தை முறைப்படுத்துகிறது. சிலாபம் முதல் நீர்கொழும்பு வரையுள்ள கத்தோலிக்கக் கரையோரக் குடும்பங்கள் பல, பள்ளிகளின் பயிற்றுமொழி சிங்களமாக மாறியதைத் தொடர்ந்து, இருபதாம் நூற்றாண்டில் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறின. பெரும்பாலும் கத்தோலிக்கரான சிரம்பியடி மக்களும் பள்ளி, தொழில், கலப்புத் திருமணம் ஆகியவற்றால் சிங்களம் பேசுவோராயினர். கிரியோல் அன்றாடப் பேச்சிலிருந்து நீங்கிப் பாட்டுக்குள் மட்டும் தங்கியது. சொற்களின் பொருளை இளையோர் முழுமையாக அறியாவிட்டாலும் ஒலியும் அடைவும் பிழையாமல் கைமாறின. இவ்விசையை நெடுங்காலம் ஆராய்ந்துள்ள சிகான் டி சில்வா ஜயசூரிய, இலங்கையின் ஆப்பிரிக்க மரபினருக்கு அடையாளத்தைத் தாங்கி நிற்பது மொழியைவிட இசையும் ஆடலுமே என்பதை வலியுறுத்தியிருக்கிறார்.

இதே கடல்வழி உறவுகளிலிருந்து கிளைத்த இன்னொரு மரபே பைலா. போர்த்துக்கேய நடனப் பாட்டும், காப்பிரியரின் தாளமும், பறங்கியரின் கப்பிரிஞ்ஞா எனும் ஆடலும் கலந்து கரையோர நகரங்களில் உருவான இவ்விசையை, காவல் துறையில் பணியாற்றிய வாலி பாஸ்டியன் 1940களில் சிங்களச் சொற்களில் அமைத்து மேடைக்கு உரியதாக்கினார். இருவரோ பலரோ கொடுத்த பொருளில் உடனுக்குடன் செய்யுள் கட்டிப் போட்டியிடும் வாதப் பைலாவும் அவரோடு இணைத்துப் பேசப்படுவதே. அவருக்குப் பின் எம். எஸ். பெர்னாண்டோ போன்றோர் வழியாகப் பைலா இசைத்தட்டுக்கும் வானொலிக்கும் சென்று நாடு முழுவதன் கொண்டாட்ட இசையாயிற்று. கற்றோர் சிலர் அதைத் தரங்குறைந்த கூத்தாகக் கருதியபோதும் சந்தை அதை ஏற்றுக்கொண்டது. சந்தை ஏற்றுக்கொண்ட வடிவில் ஆசிரியரும் பாடகரும் பெயருடன் நின்றனர். ஆசிரியர் பெயரில்லாத சிரம்பியடிப் பாடல்கள் அக்கணக்கில் சேரவில்லை.

1960களில் நிகழ்ந்தது இதனினும் கவனத்துக்குரியது. கரிபியன் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தோர் வளர்த்த கலிப்சோ இசை, ஹரி பெலபொன்டேயின் இசைத்தட்டுகள் வழியாக உலகெங்கும் பரவியபோது, கொழும்பின் இளைஞர்கள் கித்தாருடன் அதைச் சிங்களத்தில் பாடத் தொடங்கினர். மூன்ஸ்டோன்ஸ் போன்ற குழுக்கள் அந்த அலையில் எழுந்தவை. ஆப்பிரிக்கத் தாளம் இவ்வாறு இத்தீவுக்கு இரண்டாம் முறை வந்தது. முதன்முறை அதைக் கொண்டுவந்தவர்களின் வழித்தோன்றல்கள் புத்தளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இரண்டாவது வருகை நகர நாகரிகமாக வரவேற்கப்பட்டது. இணையக் காணொளிகள் வழியாக நைஜீரியாவின் ஆப்ரோபீட்ஸ் இன்று இலங்கை இளையோரை அடைவதை மூன்றாம் வருகை எனலாம். தொலைவிலிருந்து பதிவுக்கருவியின் வழியாக வரும் ஆப்பிரிக்கம் உடனே அறியப்படுவதும், அருகில் வாழும் ஆப்பிரிக்கம் அறியப்படாமலிருப்பதும் பிந்திய இரு வருகைகளிலும் மாறாத ஒன்றாக இருந்துவந்திருக்கிறது.

நடிகர் பாடகராவது பற்றிய குறைக்கும் இவ்வரலாற்றில் விடை உண்டு. பின்னணிப் பாடல் முறை, அதாவது ஒருவர் பாடிப் பதிந்த குரலுக்கு மற்றொருவர் திரையில் வாயசைக்கும் முறை, 1930களின் இறுதியிலிருந்து வேரூன்றும் வரையில் தமிழ் மேடையிலும் திரையிலும் பாடத் தெரியாதவர் நாயகராக முடியவில்லை; எஸ். ஜி. கிட்டப்பாவும் எம். கே. தியாகராஜ பாகவதரும் பாட்டாலேயே நடிகராக நின்றவர்கள். 1947இல் வெளிவந்த முதல் சிங்களப் பேசும்படத்தின் நாயகி ருக்மணி தேவி, கொழும்புச் செட்டிக் குடும்பத்தில் டெய்சி ராசம்மா டேனியல்ஸ் என்ற பெயருடன் பிறந்து, நடிப்பையும் பாட்டையும் ஒருசேரத் தொழிலாகக் கொண்டவர். தூத்துக்குடியில் பிறந்து இளமையின் ஒரு பகுதியைக் கொழும்பில் கழித்த ஜே. பி. சந்திரபாபு, மேலைநாட்டு இசைப்பாங்குகளைத் தம் குரலிலேயே தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்த நகைச்சுவை நடிகர். எதிர்த்திசையில், ஈழத்துப் பொப்பிசை அலையில் சிங்களமும் தமிழும் கலந்த சுராங்கனிப் பாட்டால் புகழ்பெற்ற ஏ. ஈ. மனோகரன், தமிழ்நாட்டுத் திரைப்படங்களில் நடிகராகவும் வலம்வந்து 2018இல் சென்னையில் மறைந்தார். அவருடைய பாட்டின் ஓட்டம் பைலாவுடையது என்பதால், காப்பிரியர் தாளத்தின் தொலைதூர எதிரொலி ஒன்று தமிழ்நாட்டுத் திருமண வீடுகள் வரை சென்றது என்று கொள்வதில் பிழையில்லை.

ஆப்பிரிக்காவிலும் நிலைமை இதுவே. நைஜீரியாவில் 1940களில் தொழில்முறை நாடகக் குழுவொன்றை நிறுவிய ஹுபர்ட் ஒகுண்டே, பாட்டு, ஆடல், நடிப்பு மூன்றையும் ஒரே மேடையில் ஒரே கலைஞர்களைக் கொண்டு நிகழ்த்தி, பின்னர் அம்மரபோடு திரைப்படத்துக்கும் சென்றார். ஆகவே நொலிவுட் எனப்படும் நைஜீரியத் திரைத்துறையின் புகழ்பெற்ற நடிகை ஜெனிவீவ் நாஜி 2004இல் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டபோது, அவர் எல்லை கடந்தார் என்பதைவிட, இசை நிறுவனமும் திரை நிறுவனமும் தனித்தனியே வளர்ந்ததால் பிற்காலத்தில் எழுந்த வேலியொன்றைத் தாண்டினார் என்பதே பொருத்தம். அத்தகைய முயற்சிகளில் சில பாட்டாக வெல்வதில்லை என்பது உண்மைதான். ஆயினும் அதற்குக் காரணம் பயிற்சியின்மையும் வணிக அவசரமுமே அன்றி, நடிப்பவர் பாடத் தகாதவர் என்பதன்று.

ஒளிப்பதிவுக் கருவி சிரம்பியடிக்கு இவ்வரலாற்றின் கடைசிக் கட்டத்தில்தான் வந்தது. ஆய்வாளரும் ஆவணப்படக் குழுவினரும் இசை விழா அமைப்பாளரும் தேடி வந்தபின், குடும்ப நிகழ்வில் கூடியவர்கள் எல்லாம் பாடிய பாட்டுக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு பெயர், பெயருக்கேற்ற உடை, குறித்த நிமிடங்களுக்குள் அடங்கும் நிரல் ஆகியவை தேவைப்பட்டன. மெல்லத் தொடங்கி நெடுநேரம் கழித்து வேகமெடுக்கும் பாட்டை, தொடக்கத்திலேயே வேகத்தை எதிர்பார்க்கும் அவைக்காகச் சுருக்க வேண்டியிருந்தது. அன்றாடம் சிங்களம் பேசி இலங்கையராக வாழும் ஒருவர், மேடையில் ஏறும்போது பிறர் மனத்திலுள்ள ஆப்பிரிக்கரின் வேடத்தை ஏற்க வேண்டியவரானார். பாடகர் நடிகரானது இங்கேதான். குஜராத்தில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தியர், தம் புனிதர்களுக்கான வழிபாட்டோடு பிணைந்த தமால் ஆடலை மயிற்பீலி உடையுடன் சுற்றுலா அரங்குகளில் ஆடிக்காட்டுவதும் இதற்கு இணையானதே.

இம்மாற்றத்தை வெறும் இழப்பென்று கொள்வது முறையாகாது. சில தலைமுறைகளில் கலந்து கரைந்துவிடுவர் என்று பிறர் எண்ணிய ஒரு சமூகத்துக்குப் பதிவும் மேடையுமே பொதுவெளியில் ஒரு பெயரைத் தந்தன. தம் பாட்டிமார் பாடியதைக் கற்பதற்கு இளையோருக்கு ஒரு காரணத்தையும் அவை தந்தன. இசைக் காணொளியொன்றில் நடிகர் பாடினாரா, பாடகர் நடித்தாரா என்று கேட்பது இவ்வரலாற்றின் முன் பயனற்றதாகிறது. பாட்டின் நீளத்தையும் உடையையும் முடிவு செய்தவர் யார், பதிவில் எவர் பெயர் பொறிக்கப்பட்டது, அதனால் வந்த வருவாய் எவரைச் சேர்ந்தது என்பனவே கேட்கத்தக்க கேள்விகள். லாகோசில் எடுக்கப்படும் பெருஞ்செலவுக் காணொளிக்கும் சிரம்பியடியின் முற்றத்தில் எடுக்கப்படும் ஆவணப்படத்துக்கும் இவை ஒருங்கே பொருந்தும். இரண்டாவதில் பாடுவோர் தம் பெயரைத் தாமே எழுதிக்கொள்ளும் வலிமை பெறாதவர்கள் என்பதால், அங்கே இவற்றைக் கேட்கும் பொறுப்பு பதிவு செய்பவருக்கும் பார்ப்பவருக்கும் கூடுதலாகவே உண்டு.