ஆய்வுக்கட்டுரை திரும்பப் பெறுதல்

ஆய்விதழில் வெளியான ஒரு கட்டுரையின் முடிவுகளை இனி நம்ப வேண்டாம் என அந்த இதழே முறைப்படி அறிவிப்பதைத் திரும்பப் பெறுதல் என்கிறோம். அப்படி அறிவித்ததும் கட்டுரையை நீக்கிவிடுவதில்லை. தலைப்பின் முன்னும் பக்கங்களின் குறுக்கேயும் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற முத்திரை விழும். யார் திரும்பப் பெறுகிறார், என்ன காரணம் என்று சொல்லும் அறிவிப்பு ஒன்று, எவரும் கட்டணமின்றிப் படிக்கும்படி அதனோடு இணைக்கப்படும். மூலத்தை அடியோடு அழித்துவிட்டால், அதை வைத்து மேலே ஆய்வு செய்தவர்கள் எதை நம்பினார்கள் என்பதற்கே சான்று இல்லாமல் போய்விடும். அட்டவணையில் ஓர் எண் பிசகியது போன்ற சிறு பிழைகளுக்குத் திருத்தக் குறிப்பு போதும். புகார் வந்து விசாரணை நடக்கும் காலத்தில் வாசகரை எச்சரிக்க ஐயக் குறிப்பு வெளியிடுவதும் உண்டு.

லண்டன் ராயல் சொசைட்டியின் செயலர் ஹென்றி ஓல்டன்பர்க் 1665-இல் ‘ஃபிலசாஃபிகல் டிரான்ஸாக்‌ஷன்ஸ்’ இதழைத் தொடங்கினார். அதே இதழில் 1756-இல் பெஞ்சமின் வில்சன், மின்னேற்றத்தைச் சேமிக்கும் லெய்டன் குடுவைச் சோதனைக்குத் தாம் முன்பு கொடுத்த விளக்கத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதினார். ஆங்கில ஆய்விதழ்களில் இவ்வகையில் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளுள் இது ஒன்று. இன்றைய விதிமுறைகள் பெரும்பாலும் மருத்துவ இதழ்களிலிருந்து பிறந்தவை. 1997-இல் பிரிட்டனின் மருத்துவ இதழாசிரியர்கள் சிலர், தங்கள் மேசைக்கு வந்து சேரும் முறைகேட்டுப் புகார்களை என்ன செய்வது என்று கூடிப் பேசத் தொடங்கினார்கள். ‘கோப்’ எனப்படும் வெளியீட்டு அறக் குழு அப்படித்தான் உருவானது. திரும்பப் பெறுதலுக்கான அதன் வழிகாட்டி 2009-இல் வந்தது, 2019-இல் திருத்தப்பட்டது.

அறிவுப் பதிவைச் சரிசெய்வதே நோக்கம், ஆளைத் தண்டிப்பது அன்று என்று அந்த வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. நேர்மையான பிழைக்கும் கட்டுரை திரும்பப் பெறப்படலாம். 2018-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற ஃபிரான்சஸ் ஆர்னால்டு, தம் குழு ‘சயன்ஸ்’ இதழில் 2019-இல் வெளியிட்ட நொதி பற்றிய கட்டுரையை 2020 ஜனவரியில் திரும்பப் பெற்றார். சோதனையை மறுபடி செய்தபோது அதே முடிவு வரவில்லை. முக்கியமான சோதனைகளுக்கு ஆய்வக நோட்டில் உரிய பதிவும் இல்லை. வேலை மிகுதியால் தம் கடமையைச் சரியாகச் செய்யவில்லை என்று அவரே வெளிப்படையாக எழுதினார். இதனால் அவருடைய மதிப்பு குறையவில்லை, கூடியது. இப்படி நடந்துகொள்பவர்கள் அரிதாக இருப்பதுதான் இத்துறையின் குறை.

மிக அதிகமாகப் பேசப்பட்ட நிகழ்வு ‘லான்செட்’ இதழில் நேர்ந்தது. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையைச் சேர்ந்த ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் 1998 பிப்ரவரியில் வெளியிட்ட கட்டுரை அது. 12 குழந்தைகளைப் பற்றியது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசிக்குப் பிறகு குடல் கோளாறும் ஆட்டிசத்தின் அறிகுறிகளும் தென்பட்டதாக அது பேசியது. தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று கட்டுரையிலேயே எழுதியிருந்தது. ஆனால் செய்தியாளர் கூட்டத்தில் வேக்ஃபீல்டு மூன்றையும் தனித்தனியாகப் போடலாம் என்றார். பெற்றோர்களின் காதில் விழுந்தது அந்தப் பேச்சுதான். 1990-களின் நடுவில் 92 விழுக்காடாக இருந்த தடுப்பூசி அளவு, 2003-04 வாக்கில் இங்கிலாந்தில் ஏறத்தாழ 80 ஆகச் சரிந்தது.

2004-இல் செய்தியாளர் பிரையன் டீர் ‘சண்டே டைம்ஸ்’ செய்தித்தாளில் இதைத் தோண்டியெடுத்தார். தடுப்பூசி நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுக்கவிருந்த வழக்கறிஞரிடமிருந்து வேக்ஃபீல்டுக்குப் பணம் வந்திருந்தது. கட்டுரையில் அது பற்றி ஒரு சொல் இல்லை. அதே ஆண்டு கட்டுரையாளர் 13 பேரில் 10 பேர், தடுப்பூசி பற்றிய விளக்கத்தை மட்டும் திரும்பப் பெற்றார்கள். குழந்தைகள் மருத்துவமனைக்கு இயல்பாக வந்த வரிசையில் சேர்க்கப்பட்டதாகச் சொன்னது பொய் என்று பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் 2010 ஜனவரியில் முடிவு செய்தது. மகனின் பிறந்தநாள் விழாவுக்கு வந்த பிள்ளைகளுக்கு ஐந்தைந்து பவுண்டு கொடுத்து இரத்தம் எடுத்ததும் அந்த விசாரணையில் உறுதியானது. 2010 பிப்ரவரி 2 அன்று லான்செட் கட்டுரையை முழுமையாகத் திரும்பப் பெற்றது. மே மாதம் வேக்ஃபீல்டின் பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. கட்டுரை வெளிவந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தத் தாமதத்தை எந்த வழிகாட்டி கொண்டும் நியாயப்படுத்த முடியாது. தட்டம்மைக்கு இதழாசிரியர்களின் தயக்கம் தெரியாது.

வெளியிடும் முன் கட்டுரையைப் படித்துப் பார்க்கும் மதிப்பீட்டாளர்கள் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்ற கேள்வி இங்கு எழும். பெரும்பாலும் ஊதியமின்றி வேலை செய்யும் அவர்கள் பார்ப்பது கையெழுத்துப்படியை மட்டுமே. மருத்துவமனைப் பதிவேடும் ஆய்வக நோட்டும் அவர்கள் கைக்கு வருவதில்லை. தரவு உண்மை என்ற நம்பிக்கையில்தான் மதிப்பீடு தொடங்குகிறது. 2020 மே 22 அன்று அதே லான்செட்டில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து தீங்கானது என்று சொல்லும் ஒரு கட்டுரை வந்தது. 671 மருத்துவமனைகளில் 96,032 கோவிட் நோயாளிகளின் தரவு தன்னிடம் இருப்பதாக சர்ஜிஸ்பியர் என்ற நிறுவனம் சொல்லியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தின் பரிசோதனையை உடனே நிறுத்திவைத்தது. ஏப்ரல் 21 வரை ஆஸ்திரேலியாவின் ஐந்து மருத்துவமனைகளில் 73 பேர் இறந்ததாகக் கட்டுரை சொன்னது. அந்நாள் வரை நாடு முழுவதிலுமே பதிவான சாவுகள் 67 என்று ‘கார்டியன்’ ஆஸ்திரேலியப் பதிப்பு எடுத்துக்காட்டியது. தனி ஆய்வாளர்களுக்கு மூலத் தரவைத் தர நிறுவனம் மறுத்தது. கட்டுரையாளர்களில் அந்த நிறுவனத்தைச் சேராத மூவரும் கேட்டுக்கொண்டதன்பேரில் ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பதின்மூன்றே நாள். மனமிருந்தால் விரைந்து செய்யலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

முன்பு தனியாட்களின் தவறாக இருந்தது இப்போது தொழிலாகியிருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதி, அதில் ஆசிரியர் பெயருக்கான இடத்தை விற்கும் கூடங்கள் இயங்குகின்றன. மதிப்பீட்டாளரைக் கட்டுரையாளரே பரிந்துரைக்கலாம் என்ற வசதியைப் பயன்படுத்தி, போலி மின்னஞ்சல் முகவரிகள் கொடுத்துத் தமக்குத் தாமே பாராட்டு எழுதிக்கொண்டவர்களும் உண்டு. ‘டியூமர் பயாலஜி’ இதழின் 107 கட்டுரைகள் 2017-இல் இந்தக் காரணத்தால் ஒரேயடியாகத் திரும்பப் பெறப்பட்டன. பிறர் எழுத்தைத் திருடி, மென்பொருளால் சொற்களை மாற்றி வைப்பவர்களை கியோம் கபனாக்கும் உடன் ஆய்வாளர்களும் 2021-இல் அடையாளம் காட்டினார்கள். ஆங்கிலத்தில் மார்பகப் புற்றுநோய் என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘நெஞ்சு ஆபத்து’ என்ற பொருளில் சொல் கிடந்தது. அதையும் யாரோ படித்து ஒப்புதல் தந்திருக்கிறார்கள். எலிசபெத் பிக் குழுவினர் 20,621 கட்டுரைகளின் படங்களைக் கண்ணால் ஒப்பிட்டு, 3.8 விழுக்காட்டில் ஐயத்துக்குரிய இரட்டிப்புகள் இருப்பதாக 2016-இல் வெளியிட்டார்கள். 2023-இல் உலக அளவில் திரும்பப் பெறப்பட்டவை பத்தாயிரத்தைத் தாண்டின. அவற்றில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவை, 2021-இல் வைலி நிறுவனம் வாங்கிய ஹிந்தாவியின் இதழ்களில் வந்தவை.

இந்தியாவில் முனைவர் பட்டமும் பதவி உயர்வும் நெடுங்காலம் கட்டுரை எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருந்தன. பணம் கொடுத்தால் எதையும் அச்சேற்றும் இதழ்கள் பெருக அது வழிவகுத்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் குழுமம் கட்டுரையாளர்களை ஏமாற்றியதாக அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், 2019-இல் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த ஆணையிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் எழுத்துத் திருட்டுக்கு விதிகள் வகுத்தது: ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. சொற்களின் ஒப்புமையை எண்ண மென்பொருள் உண்டு. இட்டுக்கட்டிய தரவை அது காட்டாது. உழைக்காத துறைத்தலைவர் பெயரைச் சேர்த்துக்கொள்வதையும் அது காட்டாது. 2022-இல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழு கைவிட்டது நல்ல முடிவு.

திரும்பப் பெற்ற பிறகும் பல கட்டுரைகள் மேற்கோள் காட்டப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. பழைய கோப்பைக் கணினியில் சேமித்து வைத்திருப்பவருக்கு முத்திரை விழுந்த செய்தி எட்டுவதில்லை. ஐவன் ஒரான்ஸ்கியும் ஆடம் மார்கஸும் 2010-இல் தொடங்கிய ‘ரிட்ராக்‌ஷன் வாட்ச்’ வலைத்தளம் தொகுத்த தரவுத்தளத்தை 2023-இல் கிராஸ்ரெஃப் அமைப்பு வாங்கி எல்லாருக்கும் திறந்துவிட்டது. சான்றுகளை ஒழுங்குபடுத்த ஆய்வு மாணவர்கள் பயன்படுத்தும் இலவச மென்பொருளான ஸோட்டெரோ இந்தத் தரவைப் பார்த்து, சேமிப்பில் உள்ள கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருந்தால் சிவப்பு எச்சரிக்கை காட்டுகிறது.